ஆபீஸ் நெட்டுக்கும் ஒரு கணக்கு நோட்டு வேணும்

சிவகாசில காலண்டர் சீசன் ஆடிப்பெருக்குலயே ஆரம்பிச்சிரும். அன்னைக்குத்தான் அடுத்த வருஷ ஆல்பம் வெளிய வரும், அத தூக்கிட்டு ஏஜெண்ட்டுங்க ஊர் ஊரா ஆர்டர் எடுக்கப் போவாங்க, தீபாவளி தாண்டுனதும் வேலை தலைக்கு மேல வந்து நிக்கும், அப்புறம் டிசம்பர் கடைசி வரைக்கும் மூச்சு விட நேரம் இருக்காது. நான் நடத்துறது ஒரு சின்ன டிசைன் ஆபீஸ். கடைக்காரங்க அனுப்புற போட்டோ, லோகோ, அட்ரஸ் எல்லாம் எங்களுக்கு வரணும், நாங்க முடிச்ச ஃபைல் ப்ரூஃபுக்கு பார்ட்டிக்கிட்ட போகணும், ஓகே ஆனதும் அச்சு பிளேட் போட்டுக் குடுக்குற சிடிபி யூனிட்டுக்குப் போகணும். முன்னாடி எல்லாம் சிடில எழுதி பையன் கைல குடுத்து சைக்கிள்ல அனுப்பிருவோம். இப்ப எல்லாமே நெட்டுதான், நெட் நின்னா மெஷின் நிக்கும்.

பேப்பருக்கு கணக்கு வச்சிருக்கோம், பிளேட்டுக்கு கணக்கு வச்சிருக்கோம், கரண்ட் பில்லுல யூனிட் ஏறுனா ஏன் ஏறுச்சுன்னு கேக்குறோம். நெட்டுக்கு மட்டும் ஊர்ல யாரும் கணக்கு வைக்கிறது இல்ல. மாசாமாசம் பணம் கட்டுறோம், ஸ்லோவானா திட்டுறோம், சரியானா மறந்துர்றோம். என்னோட வேண்டுகோள் ஒண்ணே ஒண்ணுதான், உங்க ஆபீஸ் சின்னதோ பெருசோ, நெட் எப்பிடி இருக்குன்னு நேரம் போட்டு எழுதி வைக்க ஆரம்பிங்க. கோவம் வர்றப்ப மட்டும் இல்ல, நல்லா ஓடுறப்பவும்.

ஏன் சொல்றேன்னா, நம்ம எல்லாரும் ஸ்பீட் டெஸ்ட் போடுறது நெட் மக்கர் பண்றப்ப மட்டும்தான். அப்ப செகண்டுக்கு 12 மெகாபிட்னு காட்டும், உடனே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து கஸ்டமர் கேருக்கு அனுப்புவோம். மறுநாள் காலைல லைன்மேன் தம்பி வருவாரு, அவரு போன்ல ஒரு டெஸ்ட் போடுவாரு, 96 காட்டும். "அண்ணாச்சி, லைன் பக்காவா இருக்கு, உங்க சிஸ்டத்துல ஏதோ இருக்கும் பாத்துக்கங்க"ன்னு சொல்லிட்டு கம்ப்ளெயின்ட க்ளோஸ் பண்ணிருவாரு. அவரு சொல்றதும் பொய் இல்ல, அந்த நேரத்துக்கு லைன் பக்காதான். நம்ம கைல இருக்கிறது ஒரு நேரத்து நம்பர், அவரு கைல இருக்கிறது இன்னொரு நேரத்து நம்பர், ரெண்ட வச்சு என்ன பேச முடியும். ஒரு மாசத்து வரிசை கைல இருந்தா பேச்சே வேற.

சரி எப்பிடி எழுதுறது. கம்ப்யூட்டர் ரொம்பத் தெரியாதவங்களுக்கு ஒரு நாப்பது பக்க நோட்டு போதும். காலைல கடை திறந்ததும் ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, சாயங்காலம் கடை மும்முரமா இருக்கிறப்ப ஒண்ணு. தேதி, நேரம், டவுன்லோடு, அப்லோடு, பிங் (ஒரு சின்ன பாக்கெட் போயி பதில் திரும்பி வர ஆகுற நேரம்), கடைசில குறிப்புன்னு ஒரு காலம். இந்தக் குறிப்பு காலத்த விட்டுறாதீங்க, எல்லாத்துலயும் இதுதான் முக்கியம்னு நான் சொல்வேன். மழை, பலமான காத்து, கரண்ட் போயி வந்துச்சு, பக்கத்துத் தெருவுல குழி தோண்டுறாங்க, தேருக்காக வயர அவுத்தாங்க, இப்பிடி என்ன நடந்தாலும் ரெண்டு வார்த்தை எழுதிருங்க. பின்னாடி அந்த நம்பருக்கு உயிர் குடுக்கிறது இந்த ரெண்டு வார்த்தைதான்.

கொஞ்சம் தெரிஞ்சவங்க ஆட்டோமேட்டிக்கா போட்டுக்கலாம். ஊக்லாவோட ஸ்பீட்டெஸ்ட்ல கமாண்ட் லைன் புரோகிராம் ஒண்ணு இருக்கு, ரிசல்ட்ட சிஎஸ்வியா குடுக்கும், விண்டோஸ்ல டாஸ்க் ஷெட்யூலர்லயோ லினக்ஸ்ல கிரான்லயோ நேரம் குறிச்சுப் போட்டு விட்டா அது பாட்டுக்கு ஃபைல்ல வரி வரியா சேந்துக்கிட்டே இருக்கும், எக்செல்ல திறந்தா கிராஃப் வந்துரும். ஆபீஸ்ல ஓரமா கெடக்குற பழைய சிஸ்டம் ஒண்ணு போதும். ராஸ்பெர்ரி பைங்கிற கையகல கம்ப்யூட்டர் வாங்குறவங்க ஒண்ணு கவனிங்க, மாடல் 3பி-ல லேன் போர்ட்டே 100 மெகாபிட்தான், உங்க பிளான் 200, 300ன்னா அதுல அளந்து பிரயோஜனம் இல்ல, மாடல் 4 எடுங்க, அதுல கிகாபிட், அதாவது 1000 மெகாபிட் போர்ட் இருக்கு.

அளக்குற மெஷின ரூட்டர்லேர்ந்து நேரா வயர்ல இழுங்க, வைஃபைல அளக்காதீங்க. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைல பக்கத்துக் கடை, மாடி வீடு, எதிர்க்க இருக்கிற டீக்கடைன்னு எல்லாருடைய சிக்னலும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கெடக்கும், அதுல வர்ற நம்பர் உங்க வைஃபையச் சொல்லுதா லைனச் சொல்லுதான்னு பிரிக்கவே முடியாது. வயர்லயும் ஒரு விஷயம் இருக்கு. 200 பிளான் போட்டும் எப்பப் பாத்தாலும் 94, 95லயே நிக்குதுன்னா கம்பெனிய திட்டுறதுக்கு முன்னாடி கேபிளப் பாருங்க. லேன் கேபிளுக்குள்ள நாலு ஜோடி கம்பி இருக்கு, கிகாபிட்டுக்கு நாலும் வேணும், ஒரு ஜோடி அறுந்தாலும் பல நேரம் ரெண்டு பக்கத்து மெஷினும் தங்களுக்குள்ள பேசி 100க்கு இறங்கிக்கும். எலி கடிச்ச கேபிள், கிரிம்பிங் சரியா விழாத ஜாக்கு, பழைய 100 மெகாபிட் சுவிட்ச், இந்த மூணுல ஒண்ணாத்தான் பெரும்பாலும் இருக்கும். கிராஃப்ல 24 மணி நேரமும் கோடு கிழிச்ச மாதிரி ஒரே உயரத்துல 94 நின்னுச்சுன்னா அது லைன் பிரச்சனை இல்ல, லைன் பிரச்சனைன்னா ஏறி இறங்கும்.

எவ்வளவு அடிக்கடி அளக்கணும்னு கேப்பீங்க. ஸ்பீட் டெஸ்ட் சும்மா நடக்குறது இல்ல, உங்க டேட்டாவ எடுத்துத்தான் அளக்கும். 100 மெகாபிட் லைன்ல ஒரு 15 செகண்ட் முழுசா ஓடுனா டவுன்லோடு மட்டும் கிட்டத்தட்ட 190 எம்பி (எட்டு மெகாபிட் சேந்தா ஒரு எம்பி). அரை மணிக்கு ஒரு தடவன்னா ஒரு நாளைக்கு 48 தடவ, 9 ஜிபி, மாசத்துக்கு 270 ஜிபி, அப்லோடும் அதே ஸ்பீடுன்னா இது ரெண்டு மடங்கு ஆகிரும். நிறைய பிளான்ல அன்லிமிட்டெட்னு சொன்னாலும் மாசம் 3300 ஜிபின்னு ஒரு எல்லை இருக்கும், அதுல ஆறுல ஒரு பங்க அளக்குறதுக்கே குடுக்கிறது நியாயம் இல்ல. ஆபீஸ் நேரத்துல மணிக்கு ஒண்ணு, ராத்திரி மூணு மணி நேரத்துக்கு ஒண்ணு, இது தாராளம். இன்னொண்ணு, டெஸ்ட் ஓடுற அந்த அரை நிமிஷம் ஆபீஸ்ல மத்தவங்க நெட் திணறும், அதே மாதிரி யாராவது பெரிய ஃபைல் ஏத்திட்டு இருக்கிறப்ப டெஸ்ட் ஓடுனா நம்பர் கம்மியாத்தான் வரும். அதனால ஒரு தனி நம்பரப் பாத்து பயப்படவும் வேண்டாம் சந்தோஷப்படவும் வேண்டாம்.

எந்த சர்வருக்கு அளக்குறீங்கங்கிறதும் பெரிய விஷயம். ஆப்ப திறந்தா அதுவே பக்கத்துல ஒரு சர்வரத் தேர்ந்தெடுக்கும், பல நேரம் அது உங்க நெட் கம்பெனியே வச்சிருக்கிற சர்வரா இருக்கும். அங்க வரைக்கும் ரோடு நல்லாத்தான் இருக்கும், அதுக்கு வெளிய போறப்பதான் நெரிசல். சென்னைல வேற நெட்வொர்க்ல இருக்கிற ஒரு சர்வரப் பாத்து அதோட ஐடிய போட்டு தினமும் அதுக்கே அளங்க. இன்னைக்கு மதுரை, நாளைக்கு சென்னை, நாளன்னைக்கு பெங்களூருன்னு மாத்தி மாத்தி அளந்தா வரிசைக்கு அர்த்தமே போயிரும்.

இப்ப நான் ரொம்ப முக்கியமா நினைக்கிற விஷயத்துக்கு வர்றேன். ஸ்பீட் மட்டும் அளந்தா பத்தாது, விட்டு விட்டுப் போகுதான்னும் அளக்கணும். எங்க ஆபீஸ்ல நடந்தத சொல்றேன்.

ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்னு சும்மா சொல்லல, எங்க பக்கம் ஆடில மத்தியானம் ஆனா அடிக்கிற காத்துல புழுதி கண்ணத் திறக்க விடாது. அந்த மாசம் எங்களுக்கு ஒரு விசித்திரமான தொல்லை. ஃபைல் ஏத்துனா பாதில ஃபெயில் ஆகும், திரும்ப ஆரம்பிக்கணும், கொஞ்ச தூரம் போயி திரும்ப ஃபெயில். ஸ்பீட் டெஸ்ட் போட்டா டவுன்லோடு, அப்லோடு ரெண்டும் நல்லாருக்கு. மணிக்கு ஒரு தடவ ஓடுற ஆட்டோமேட்டிக் டெஸ்டும் நல்லாருக்குன்னுதான் சொல்லுது. லைன்மேன் தம்பி வந்து பாத்தாலும் நல்லாருக்கு. ஆனா பொண்ணுங்க சிஸ்டம் முன்னாடி உக்காந்து தலைல கைய வச்சிட்டு இருக்காங்க.

அப்பத்தான் பிங்க தனியா ஓட விட்டேன். அஞ்சு செகண்டுக்கு ஒரு தடவ மூணு இடத்துக்கு பிங். ஒண்ணு நம்ம ரூட்டர், 192.168.1.1. ரெண்டாவது கம்பெனியோட முதல் கேட்வே, அதாவது நம்ம லைன் போயி சேர்ற அவங்க பக்கத்து வாசல், கமாண்ட் ப்ராம்ப்ட்ல tracert 8.8.8.8ன்னு போட்டா ரெண்டாவது வரில வர்ற அட்ரஸ். மூணாவது வெளிய இருக்கிற கூகுளோட சர்வர், 8.8.8.8. மூணு இடம் எதுக்குன்னா, எது பதில் சொல்லலங்கிறத வச்சே எங்க கோளாறுன்னு தெரிஞ்சிரும். ரூட்டரே பதில் சொல்லலன்னா நம்ம ஆபீஸுக்குள்ள பிரச்சனை. ரூட்டர் சொல்லுது கேட்வே சொல்லலன்னா நம்ம வாசலுக்கும் கம்பெனிக்கும் நடுவுல, அதாவது தெருவுல. ரெண்டும் சொல்லி 8.8.8.8 மட்டும் சொல்லலன்னா கம்பெனிக்கு அந்தாண்ட. சில கம்பெனி கேட்வே பிங்குக்கு பதிலே சொல்லாம செட் பண்ணிருப்பாங்க, அப்ப அதுக்கு அடுத்த வரில இருக்கிற அட்ரஸ எடுத்துக்கங்க. இந்த பிங் எல்லாம் டேட்டாவே சாப்பிடாது, ஒரு இடத்துக்கு ஒரு நாள் முழுக்க ஓடுனாலும் ரெண்டு எம்பி சொச்சம்தான்.

விண்டோஸ்ல சாதாரணமா ஓடுற பிங் எத்தன மணிக்கு நடந்துச்சுன்னு காட்டாது, அதனால நேரத்தோட பதியிற சாஃப்ட்வேர் வேணும். பிங்பிளாட்டர் இருக்கு, லினக்ஸ்னா ஸ்மோக்பிங் இருக்கு. ஸ்மோக்பிங் அருமையான சாஃப்ட்வேர், ஆனா போட்ட உடனே இருக்கிற செட்டிங்ல அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ 20 பிங் விட்டுட்டு சும்மா இருக்கும், நடுவுல அர நிமிஷம் லைன் போயி வந்தா அதுக்குத் தெரியாமலே போயிரும். இந்த மாதிரி சின்னச் சின்ன கட் புடிக்கணும்னா இடைவெளியக் குறைச்சே ஆகணும்.

ஒரு வாரம் ஓடுன பிறகு ஃபைலத் திறந்து பாத்தா அப்பிடியே தெரியுது. ரூட்டர் ஒரு தடவ கூட விடல. கேட்வேயும் 8.8.8.8ம் ஒரே நேரத்துல போயி ஒரு நிமிஷம் போல கழிச்சு ஒரே நேரத்துல திரும்ப வருது. மத்தியானம் 12 மணிக்கு மேல ஆரம்பிக்குது, சாயங்காலம் 5 மணிக்கு மேல நின்னுருது, ராத்திரி முழுக்க ஒரு ஓட்டை இல்ல. ஒரே ஒரு நாள் மட்டும் பகல்லயும் சுத்தமா இருந்துச்சு, குறிப்பு காலத்தப் பாத்தா "இன்னைக்கு காத்து இல்ல"ன்னு எங்க ஆபீஸ் பொண்ணு எழுதி வச்சிருக்கு. எனக்கு அந்த வரியப் பாத்ததும் அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம் ஓஎன்டி பாக்ஸ், அதாவது ஃபைபர் வந்து சேர்ற டப்பா, அதோட செட்டிங் பக்கத்துக்குள்ள போயி ஆப்டிகல் பவர் பாத்தேன். ஃபைபர்ல வர்ற வெளிச்சம் எவ்வளவுன்னு அங்க மைனஸ்ல ஒரு நம்பர் இருக்கும், டிபிஎம்னு போட்டிருக்கும். மைனஸ் 18, 20, 22ன்னா ஆரோக்கியம். மைனஸ் 27 கிட்ட போனா சாதாரணமா ஓஎன்டி தாங்குற கடைசி எல்லை, அதுக்குக் கீழ போனா லாஸ்னு ஒரு சிவப்பு லைட் எரிஞ்சு கனெக்‌ஷன் விட்டுரும், திரும்ப வெளிச்சம் வந்ததும் அதுவா ரெஜிஸ்டர் ஆகி வர்றதுக்கு கொஞ்ச நேரம் புடிக்கும். எங்களுக்கு ராத்திரில மைனஸ் 21, மத்தியானம் காத்து அடிக்கிறப்ப 25க்கும் 27க்கும் நடுவுல ஆடிக்கிட்டு இருக்கு. நடுவுல கனெக்‌ஷன் இருக்கிற நேரத்துல டெஸ்ட் போட்டா ஸ்பீடு முழுசா வரத்தான் செய்யும், ஃபைபர்ல அதுதான் விஷயம், வெளிச்சம் எல்லைக்குள்ள இருக்கிற வரைக்கும் ஸ்பீடு குறையாது, எல்லை தாண்டுனா மொத்தமா போயிரும்.

இத ரெண்டு பக்கம் பிரிண்ட் எடுத்து தம்பி வந்தப்ப கைல குடுத்தேன். "தம்பி, நேரத்த மட்டும் பாருங்க"ன்னேன். அவரு கொஞ்ச நேரம் பாத்தாரு, ரூட்டர் பக்கமே போகல, நேரா வெளிய போயி தெருமுனை போஸ்ட்டுல ஏணியச் சாச்சாரு. ஜாயிண்ட் பாக்ஸ கட்டுன கம்பி அவுந்து பாக்ஸ் காத்துல ஆடிக்கிட்டு இருக்கு, உள்ள ஃபைபர் ஒரு இடத்துல மடங்கி மடங்கி நிமிருது. மடங்குன இடத்துல வெளிச்சம் வெளிய கசிஞ்சிரும், அதான் பவர் இறங்குறது. புதுசா ஜாயிண்ட் அடிச்சு பாக்ஸ இறுக்கிக் கட்டுனாரு, பகல்லயும் மைனஸ் 20 வந்துச்சு, அதோட சரி. "அண்ணாச்சி, இந்த மாதிரி எல்லாரும் எழுதிக் குடுத்தா எங்களுக்கும் அலைச்சல் மிச்சம்"னு சொல்லிட்டுப் போனாரு. அது உண்மை. அவங்களும் பத்து தெருவுக்கு ஒரு ஆளா வெயில்ல ஓடிக்கிட்டு இருக்காங்க, எங்க தேடணும்னு நாம சொன்னா அவங்களுக்கும் உதவிதான்.

இது ஒரு வகை. இன்னொரு வகை சாயங்கால நெரிசல். கிராஃப்ல பகல் முழுக்க 95, ராத்திரி 7:30க்கு மேல 60, 40ன்னு சரிஞ்சு 11 மணிக்கு மேல திரும்ப ஏறுச்சுன்னா அது உங்க வயரும் இல்ல ஜாயிண்ட்டும் இல்ல. ஒரே இழைய பல பேருக்குப் பிரிச்சுக் குடுக்குற ஜிபான்ங்கிற ஃபைபர் முறைல ஒரு இழைல கீழ வர்றதுக்கு 2.5 கிகாபிட், மேல போறதுக்கு 1.25 கிகாபிட், அத ஸ்ப்ளிட்டர் வச்சு 32, 64 கனெக்‌ஷனுக்குப் பிரிச்சுக் குடுக்குறாங்க. எல்லாரும் ஒரே நேரத்துல முழுசா இழுக்க மாட்டாங்கங்கிற கணக்குலதான் இந்தத் தொழிலே நடக்குது, அதுல தப்பு இல்ல. ஆனா பெரும்பாலும் அடைக்கிறது இந்த இழை கூட இல்ல, ஊர்ல இருக்கிற ஆபரேட்டர் மேல இருக்கிறவங்ககிட்ட வாங்கி வச்சிருக்கிற மொத்த பேண்ட்வித்துதான். ஐபிஎல் நடக்குற ராத்திரியோட கிராஃபையும் நடக்காத ராத்திரியோட கிராஃபையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, சொல்லாமலே தெரியும். இதுக்கு லைன்மேன் தம்பிகிட்ட சண்டை போட்டு பிரயோஜனம் இல்ல, ஆபரேட்டர் முதலாளிகிட்டதான் பேசணும், பேசுறப்ப ஒரு மாச கிராஃபோட போங்க. தினம் அதே நேரத்துல சரியிற கோட்ட வச்சுக்கிட்டு உங்க சிஸ்டத்துல வைரஸ்னு யாரும் சொல்ல முடியாது.

அப்லோடப் பத்தி தனியா சொல்லியே ஆகணும். நெட் விக்கிறவங்க எல்லாரும் டவுன்லோடு நம்பரத்தான் பெருசா போடுவாங்க. அரசாங்கமும் அப்பிடித்தான், நம்ம நாட்டுல பிராட்பேண்டுன்னு சொல்றதுக்குக் குறைஞ்சபட்சம் 2004-ல 256 கிலோபிட்னு வச்சாங்க, 2013-ல 512 ஆச்சு, 2023-ல 2 மெகாபிட்டாக்குனாங்க, ஆனா அந்த 2 மெகாபிட்டும் டவுன்லோடுக்குத்தான், அப்லோடு எவ்வளவு இருக்கணும்னு அதுல இல்ல. படம் பாக்குற வீட்டுக்கு அது பரவால்ல. எங்கள மாதிரி ஃபைல் அனுப்பிப் பொழைக்கிறவங்க, போட்டோ ஸ்டூடியோக்காரங்க, ஆடிட்டர் ஆபீஸ், ஸ்கேன் சென்டர், இவங்களுக்கெல்லாம் சோறு போடுறது அப்லோடுதான். ஒரு ஜிபி ஃபைல் அப்லோடு 5 மெகாபிட்ல போனா 27 நிமிஷம், 50 மெகாபிட்ல போனா 3 நிமிஷத்துக்குள்ள. ஒரு நாளைக்கு இப்பிடி நாலஞ்சு ஃபைல்னா எத்தன மணி நேரம் வித்தியாசம்னு பாத்துக்கங்க. புது கனெக்‌ஷன் எடுக்குறப்ப அப்லோடும் அதே ஸ்பீடான்னு கேட்டு, அத எழுத்துல வாங்கிக்கங்க, அப்புறம் நோட்டுல அப்லோடு காலத்த மொதல்ல பாருங்க.

அப்லோடு நிரம்பி வழியிறப்ப இன்னொரு கூத்து நடக்கும். ஒருத்தர் பெரிய ஃபைல் ஏத்த ஆரம்பிச்சாருன்னா மொத்த ஆபீஸுக்கும் நெட் செத்த மாதிரி ஆகிரும், ஜிஎஸ்டி சைட் கூட திறக்காது, ஆனா டவுன்லோடுதான் சும்மா கெடக்குதே. ஏன்னா ரூட்டர் எல்லா பாக்கெட்டையும் ஒரே வரிசைல நிக்க வைக்கும், ரேஷன் கடைல ஒருத்தர் தெருவுக்கே சேத்து பத்து கார்டோட முன்னாடி நின்னா பின்னாடி ஒரு கிலோ சீனி வாங்க வந்தவரும் நின்னுதானே ஆகணும். பிங் நோட்டுல இது பளிச்சுன்னு தெரியும், சும்மா இருக்கிறப்ப 8 மில்லிசெகண்ட் இருந்தது ஃபைல் ஏறுறப்ப 300, 400ன்னு போயிரும். இதுக்கு கம்பெனி ஒண்ணும் பண்ண வேண்டியதில்ல, நாமளே சரி பண்ணலாம். டிரைவ் சிங்க் சாஃப்ட்வேர்ல அப்லோடுக்கு எல்லை வைக்கிற செட்டிங் இருக்கு, சிசிடிவி கிளவுடுக்கு ஏத்துறத ராத்திரிக்கு மாத்தலாம், ஸ்டாஃப் போன்ல இருக்கிற போட்டோ பேக்கப் ஆபீஸ் வைஃபைல ஓடுதான்னு ஒரு பார்வை பாக்கலாம். ஓபன்டபிள்யுஆர்டிங்கிற இலவச சாஃப்ட்வேர் போட்ட ரூட்டர்னா எஸ்க்யூஎம்னு ஒண்ணு இருக்கு, உங்க லைன் ஸ்பீடுல 85, 90 சதவீதத்துக்கு செட் பண்ணா சின்ன பாக்கெட்ட வழி விட்டு அனுப்பும். எங்க ஆபீஸ்ல இத செஞ்ச பிறகு ஃபைல் ஏறுற நேரத்துலயும் பில்லிங் பாட்டுக்கு ஓடுது.

மாசக் கடைசில நோட்டப் படிக்கிறப்ப சராசரி எடுக்காதீங்க, சராசரி ஏமாத்திரும். 23 மணி நேரம் 100, ஒரு மணி நேரம் 2ன்னு வச்சுக்கங்க, சராசரி கிட்டத்தட்ட 96 வரும், பிரமாதம்னு தோணும். ஆனா அந்த ஒரு மணி நேரம் சாயங்காலம் 6லேர்ந்து 7, ராத்திரி பிளேட்டுக்கு ஃபைல் போக வேண்டிய நேரம்னா உங்க தொழிலுக்கு அந்த 2தான் ஸ்பீடு. மோசமான நேரம் எது, அது எத்தன நாள் திரும்ப வந்துச்சு, அந்த நேரத்துல உங்களுக்கு என்ன வேலை, இந்த மூணையும் பாருங்க. காலைல 4 மணிக்கு ஸ்லோவானா எனக்கு கவலையே இல்ல. பால் பூத்துக்காரருக்கு அதுதான் முக்கியமான நேரமா இருக்கலாம்.

கரண்ட் கட்டையும் நெட் கட்டையும் குழப்பிக்காம இருக்க, ஓஎன்டி, ரூட்டர், அளக்குற மெஷின் மூணையும் ஒரே யுபிஎஸ்ல போடுங்க. மாசாந்திர பராமரிப்புன்னு பகல் முழுக்க கரண்ட் எடுக்கிற நாள்ல சில நேரம் நம்ம கிட்ட யுபிஎஸ் இருந்தும் நெட் போயிரும், ஏன்னா ஆபரேட்டர் ரூம்ல பேட்டரி தீந்துருக்கும். அதையும் எழுதுங்க, அடுத்த தடவ அவர்கிட்ட பேட்டரிய மாத்தச் சொல்றதுக்கு அதான் ஆதாரம்.

வாயால சொல்லி நடக்கலன்னா முறையா போகலாம். கஸ்டமர் கேர்ல கம்ப்ளெயின்ட் பண்றப்ப டாக்கெட் நம்பர் கண்டிப்பா வாங்குங்க, அந்த நம்பரையும் நோட்டுலயே எழுதுங்க. சரி பண்ணாமலே க்ளோஸ் பண்ணிட்டாங்கன்னா அதே கம்பெனில மேல்முறையீட்டு அதிகாரின்னு ஒரு அமைப்பு இருக்கணும், 2012-ல டிராய், அதாவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் போட்ட விதி அது. 30 நாளைக்குள்ள நீங்க அப்பீல் போடலாம், பணம் கட்ட வேண்டாம், 39 நாளைக்குள்ள அவங்க முடிவு சொல்லணும். டிராய்க்கே நேரா எழுதுறவங்க இருக்காங்க, டிராய் தனித்தனி கம்ப்ளெயின்ட விசாரிக்கிறது இல்ல, கம்பெனிக்கு அனுப்பி வைக்கும் அவ்வளவுதான். அப்பீல்ல "நெட் ரொம்ப மோசம்"னு எழுதாம, இந்தத் தேதிலேர்ந்து இந்தத் தேதி வரைக்கும், வயர்ல, இந்த சர்வருக்கு, இத்தன மணிக்கு, டவுன்லோடு அப்லோடு இவ்வளவுன்னு ஒரு பக்கத்துல எழுதி சிஎஸ்விய கூட இணைச்சு அனுப்புங்க. படிக்கிறவருக்கு தட்டிக் கழிக்க இடமே இருக்காது.

சீசன்ல ஒரு மணி நேரம் கூட நிக்கக் கூடாதுன்னா ரெண்டாவது லைன் வச்சுத்தான் ஆகணும், நமக்குன்னே தனியா குடுக்குற லீஸ்டு லைன் எல்லாம் சின்ன ஆபீஸுக்குக் கட்டுப்படியாகாது. ரெண்டாவது லைனும் ஃபைபரா எடுத்தா அது எந்த போஸ்ட் வழியா வருதுன்னு வெளிய நின்னு பாருங்க, ரெண்டு கம்பெனி வயரும் ஒரே போஸ்ட்டுல ஒண்ணா கட்டிக் கெடந்தா பேப்பர் லோடு லாரி ஒண்ணு இழுத்துட்டுப் போனா ரெண்டும் சேந்தே போகும். அதனால நாங்க ரெண்டாவதுக்கு சிம் போடுற ரூட்டர் வச்சிருக்கோம். அதையும் அளக்குறோம், மெயின் லைன் மாதிரி மணிக்கு ஒண்ணு இல்ல, ஒரு நாளைக்கு ரெண்டு தடவ, ஏன்னா சிம்ல டேட்டா கம்மி. மாசத்துல ஒரு நாள் வேலை நேரத்துலயே மெயின் லைனோட வயர புடுங்கி விட்டு சிம்முக்கு மாறுதா, ஒரு ஃபைல் முழுசா ஏறி முடியுதான்னு பாத்துட்டு, அதையும் அந்தக் குறிப்பு காலத்துல எழுதிர்றோம்.